கோழிக்குஞ்சு வாங்கும் இடம்

வீட்டு வளவில் கோழி வளர்ப்பது தமிழ்க் குடும்பங்களுக்குப் புதியதொன்றன்று. முற்றத்தில் நெல் காயும்போது கொத்த வரும் கோழியை விரட்டுவதும், பொழுதுபட்டதும் அதே கோழியைத் தேடிக் கூட்டில் அடைப்பதும் கிராமத்து வாழ்வின் அன்றாடக் காட்சிகள். ஆயினும், ஒரு கோழிகூட இல்லாத வளவில் முதன்முறையாகக் கோழி வளர்க்க எண்ணும் குடும்பத்தின் நிலை வேறு. கூடு எப்படிக் கட்டுவது, தீன் என்ன போடுவது என்பவற்றை அயலாரைக் கேட்டு அறியலாம். குஞ்சை எங்கே வாங்குவது என்பதே முதலில் தீர்க்க வேண்டிய வினா. இதில் நேரும் பிழையை நல்ல கூட்டாலும் நல்ல தீனாலும் பின்னர் திருத்திவிட இயலாது.

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், கடலுக்கும் களப்புக்கும் அருகே அமைந்த கொக்கிளாயில் இவ்வினா மிகுந்த பொருளுடையது. இக்கிராமத்தையும், அயலிலுள்ள கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய கிராமங்களையும் சேர்ந்த தமிழ் மக்கள் 1984ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்தனர். போர் 2009இல் முடிவுற்ற பின்னரே அவர்கள் படிப்படியாகத் திரும்பினர். ஊர் பெயரும்போது மனிதர் மட்டும் பெயர்வதில்லை. வளவில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்த கோழிக் கூட்டமும் சிதறிப் போகின்றது. முன்னாளில் குஞ்சை விலைகொடுத்து வாங்க வேண்டிய தேவை பெரிதும் இருந்ததில்லை. தாய்வீட்டிலிருந்து ஓர் அடைகோழியும், அயல்வீட்டிலிருந்து பத்து முட்டையும் வந்தால் அடுத்த ஆண்டு வளவு நிறைந்துவிடும். அந்தத் தொடர் அறுந்த ஊரில், குஞ்சு எங்கே கிடைக்கும் என்பதே முதற் கேள்வியாகின்றது.

இது சிறிய கேள்வியென்று ஒதுக்கிவிடலாகாது. கடல் கொந்தளித்துத் தோணி இறங்காத நாட்களில் முட்டையே பிள்ளைகளின் உணவுக்குத் துணை செய்யும். அவசரத்துக்கு ஒரு சேவலை விற்றால் மருந்துக்கோ கொப்பி வாங்கவோ கைக்குக் காசு வரும். இத்தகைய குடும்பம் சேர்த்து வைத்த பணத்தைக் கொடுத்து வாங்கிய குஞ்சுகள் ஒரு கிழமைக்குள் ஒவ்வொன்றாக மடிந்தால், பணத்தோடு ஊக்கமும் போய்விடும். கோழி நமக்குச் சரிவராது என்று கூட்டைப் பிரித்து விறகாக்கிவிடுவர். அந்த வீட்டில் பிழை வளர்ப்பில் இருந்திராது. வாங்கிய இடத்திலேயே இருந்திருக்கலாம்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பழமொழி. கோழிக்குஞ்சைப் பொறுத்தவரை இது பாதி உண்மையே. பிறந்து ஒரு நாளான குஞ்சுகள் அனைத்தும் பஞ்சு உருண்டைகள் போல் அழகாகவே இருக்கும். அதன் நன்மை தீமைகளை முடிவு செய்யும் மூன்று காரணங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. அதை ஈன்ற கோழியின் உடல்நலம் ஒன்று. அதன் இனம் ஒன்று. அது கடந்து வந்த வழி ஒன்று. குஞ்சு வாங்குபவர் உண்மையில் இம்மூன்றையும் சேர்த்தே வாங்குகின்றார். ஆகவே, குஞ்சைப் பார்ப்பதற்கு முன்னர் விற்பவரைப் பார்க்க வேண்டும்.

முதலில் தாய்க்கோழியின் உடல்நலத்தை எடுத்துக்கொள்வோம். சில நோய்கள் முட்டையின் வழியாகவே குஞ்சைச் சென்றடைகின்றன. புல்லோரம் எனப்படும் வெள்ளைக் கழிச்சல் நோய் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அமெரிக்க அறிஞர் ரெட்கர் 1900ஆம் ஆண்டளவில் இதற்குரிய நுண்கிருமியை இனங்கண்டார். இக்கிருமி தாய்க்கோழியின் சூலகத்தில் தங்கியிருக்கும். தாய் நோயின்றித் திரிவதுபோல் தோன்றும். ஆனால் அதன் முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் முதல் இரண்டு மூன்று கிழமைகளுக்குள் சோர்ந்து, சிறகு தளர்ந்து, வெண்ணிறமாகக் கழிந்து இறக்கும். பிழைத்தவை வளர்ந்து, தாமும் நோயுள்ள முட்டையை இடும். தாய்க்கோழியின் ஒரு துளி இரத்தத்தைச் சோதித்து இந்நோயை அறியலாம். நல்ல பண்ணைகள் இச்சோதனையை ஒழுங்காகச் செய்து, நோயுள்ள கோழிகளை நீக்கிவிடுகின்றன. எங்கிருந்தோ திரட்டிய முட்டைகளைப் பொரிக்க வைப்பவரிடம் இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

முட்டை வழியே தீமை மட்டும் வருவதில்லை, நன்மையும் வருகின்றது. தாய்க்கோழிக்கு உரிய காலத்தில் தடுப்பூசி இடப்பட்டிருந்தால், அதன் உடலில் தோன்றிய எதிர்ப்பாற்றல் மஞ்சட்கரு மூலம் குஞ்சுக்குக் கிடைத்து, முதல் இரண்டு மூன்று கிழமைகள் அதனை ஓரளவு காக்கும். ஒரு நாட் குஞ்சின் உடலில் தாய் பட்டினி கிடந்ததும், நோயுற்றதும், நன்றாகப் பேணப்பட்டதும் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன எனலாம்.

அடுத்தது இனம். இக்காலக் கோழி வளர்ப்பில் இனங்கள் தொழிலுக்கேற்பப் பிரிந்துவிட்டன. இறைச்சிக்குரிய புரொயிலர் ஐந்து ஆறு கிழமைகளில் ஏறத்தாழ இரண்டு கிலோ நிறையை எட்டுமாறு உருவாக்கப்பட்டது. வளவில் மேயவோ, பருந்தைக் கண்டு பத்தைக்குள் ஓடி ஒளியவோ அதனால் இயலாது. பண்ணைகளில் வளரும் முட்டைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டைகள் வரை இடும். ஆனால் நிறைதீன் இல்லாவிடில் முட்டையும் இல்லை. அது பெரும்பாலும் அடைகாப்பதில்லை. ஊர்க்கோழி ஆண்டுக்கு 40 முதல் 60 முட்டைகள் வரையே இடும். எனினும் அது கறையானையும் புழுவையும் சிந்திய தானியத்தையும் தின்று தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளும். தானே அடைகாத்துக் குஞ்சையும் வளர்த்துத் தரும். கழுத்தில் இறகற்ற ஊர்க்கோழி வெப்பத்தை நன்கு தாங்கக்கூடியது. முட்டைக்கும் இறைச்சிக்கும் பொதுவான இருபயன் இனங்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. அமெரிக்காவின் றோட் தீவு மாநிலத்துப் பெயர் பூண்ட செந்நிறக் கோழி அவ்வகையில் உலகெங்கும் பெயர் பெற்றது. இலங்கையில், கண்டி மாவட்டத்தின் குண்டசாலைப் பகுதியிலுள்ள மத்திய கோழி ஆராய்ச்சி நிலையமும் வீட்டுவளவுக்கு ஏற்ற கோழிகளைப் பெருக்கி வந்துள்ளது.

மூன்றாவது, குஞ்சு வந்த வழி. முட்டையை உடைத்து வெளிவரும் முன்னர், குஞ்சு எஞ்சிய மஞ்சட்கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கின்றது. அந்த உணவே முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அதற்குப் போதும். இயற்கை இதனை அமைத்தது, முதலில் பொரித்த குஞ்சு பின்னால் பொரிக்கும் குஞ்சுகளுக்காகத் தாயின் சிறகுக்குள் காத்திருப்பதற்காக. மனிதன் இதனையே தன் வணிகத்துக்குப் பயன்படுத்திக்கொண்டான். அமெரிக்க அஞ்சல் திணைக்களம் 1918ஆம் ஆண்டில் ஒரு நாட் குஞ்சுகளை அஞ்சற் பொதியாக அனுப்ப இசைந்தது. குஞ்சுப் பெட்டி இன்று எத்தனையோ மைல் கடந்து செல்வது இந்த மஞ்சட்கருவின் பலத்தினாலேயே.

ஆனால், உணவு இருந்தால் மட்டும் போதாது. சூடும் காற்றும் வேண்டும். மலைநாட்டிலிருந்தோ மேற்குக் கரையிலிருந்தோ புறப்படும் பெட்டி, வவுனியாவில் ஒரு வாகனம் மாறி, முல்லைத்தீவில் ஒரு கடையில் இறங்கி, மறுநாள் கொக்கிளாயை அடையும்போது அந்த மூன்று நாள் கணக்கு முடியும் தறுவாயில் இருக்கும். நண்பகல் வெயிலில் பேருந்துக்குள் அடைபட்ட குஞ்சு வெந்துபோகும். மழைக்காற்றில் நனைந்த குஞ்சு விறைத்துப்போகும். வந்து சேர்ந்த அன்று உயிருடன் இருந்தாலும், மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அதன் பலன் தெரியும். எனவே, பெட்டி எத்தனை கைமாறியது, எத்தனை மணி நேரம் வழியில் இருந்தது என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இந்த அறிவோடு, குஞ்சு கிடைக்கும் இடங்களை ஒவ்வொன்றாக ஆராயலாம்.

முதலாவது இடம் அயல்வீடு. ஊரிலோ அடுத்த ஊரிலோ நோயின்றி வளரும் கோழிக் கூட்டம் இருக்குமாயின், அங்கே ஓர் அடைகோழியும் பத்து அல்லது பன்னிரண்டு முட்டையும் பெறுவது மிகப் பழைய வழி. இன்றும் நல்ல வழி. தாயும் சேவலும் கண்ணெதிரே நிற்பதால் அவற்றின் நலத்தை நேரிற் காணலாம். குஞ்சுக்குச் சூடு தருவதும், தீன் காட்டுவதும், பருந்துக்கு எச்சரிப்பதும் தாயின் வேலையாகிவிடும். முட்டைகள் ஒரு கிழமைக்கு மேற்பட்டவையாக இருத்தலாகாது. ஏழாம் நாள் இருளில் மின்சூளுக்கு முன்னே முட்டையைப் பிடித்துப் பார்த்து, கரு இல்லாதவற்றை எடுத்துவிடலாம். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு வெளிவரும். கடையில் வாங்கும் பண்ணை முட்டையை அடைக்கு வைத்துப் பயனில்லை. சேவலின்றி இடப்பட்ட முட்டை பொரிக்காது. அயல்வீட்டு வழியின் குறை ஒன்றே: தொகை மெல்லவே பெருகும், தடுப்பூசிக்கும் நாமே வழிதேட வேண்டும்.

இரண்டாவது இடம் அரசு. கொக்கிளாய் கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. அப்பிரிவுக்குரிய அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடினால், அரச பண்ணைகளில் எப்போது குஞ்சு கிடைக்கும், எவ்வினம் கிடைக்கும், எவ்வாறு பதிய வேண்டும் என்பவற்றை அறியலாம். தாய்க் கூட்டம் சோதிக்கப்பட்டது என்ற உறுதி இங்கே உண்டு. பேராதனையை அடுத்த கன்னொறுவையில் உள்ள கால்நடை வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் தடுப்பூசி மருந்துகளை ஆக்குகின்றது; அவற்றைப் பெறும் வழியையும் இவ்வலுவலகமே சொல்லித் தரும். காத்திருக்க நேரிடலாம் என்பதே இதன் குறை. ஆனால் கூடு கட்டி முடிப்பதற்கும் அந்தக் காலம் தேவைதானே.

மூன்றாவது இடம் தனியார் குஞ்சு பொரிப்பகத்தின் முகவராகிய கடை. பெரிய பொரிப்பகங்களில் தாய்க்கோழிகள் நன்கு பேணப்படுகின்றன. மாரெக் நோய்த் தடுப்பூசி குஞ்சு பொரித்த அன்றே இடப்பட வேண்டியது. பொரிப்பகமே அதற்கு உரிய இடம். காலை முடமாக்கும் இந்நோய்க்கு, 1907இல் அதனை விவரித்த ஹங்கேரிய மருத்துவர் மாரெக்கின் பெயர் வழங்குகின்றது. நோய் தொற்றிய பின் ஊசி இட்டுப் பயனில்லை, மருந்தும் இல்லை. ஆகவே முகவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே: மாரெக் ஊசி இடப்பட்டதா? இத்தகைய கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் புரொயிலரும் பண்ணை முட்டைக்கோழியுமே என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

நான்காவது, வீதியில் கூவி விற்பவர். கூடையிலும் பெட்டியிலும் மலிவாகக் குஞ்சு கொண்டுவருபவரின் பொருள் எங்கே பிறந்தது என்பதை அவரே அறிந்திருப்பது அரிது. பல இடத்துக் குஞ்சுகள் ஒரே பெட்டியில் கலந்திருக்கும். முட்டைக்கோழி இனத்துச் சேவற்குஞ்சுகள் பொரிப்பகங்களுக்கு வேண்டாதவை. மலிவாக வருபவற்றுள் அவையே மிகுதியாக இருக்கக்கூடும். பேட்டையும் சேவலையும் ஒரு நாட் குஞ்சிலேயே பிரித்தறியும் நுட்பத்தை யப்பானியர் வகுத்தனர். 1930களில் அது உலகெங்கும் பரவியது. சில கலப்பினங்களில் பேட்டுக்குஞ்சு கபில நிறமாகவும் சேவற்குஞ்சு வெளிர்மஞ்சளாகவும் பிறப்பதால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். முட்டைக்காக வாங்கிய பத்தும் ஐந்து மாதங்களின் பின் சேவலாகக் கூவினால், மலிவென்று எண்ணியது மலிவாகாது. பிரிக்கப்படாத குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவல் என்ற கணக்கோடு வாங்குவதே அறிவுடைமை.

ஐந்தாவது இடம் ஒன்று உண்டு. முதன்முறை வளர்ப்பவருக்கு அதுவே பெரிதும் ஏற்றது. ஒரு நாட் குஞ்சுகளை வாங்கி, நான்கு கிழமை வரை சூடேற்றி வளர்த்து, தடுப்பூசியும் இட்டு விற்கும் இடைநிலை வளர்ப்பாளரே அவ்விடம். ஒரு நாட் குஞ்சுக்கு முதற் கிழமையில் ஏறத்தாழ 33 பாகை செல்சியசு சூடு வேண்டும். பின்னர் கிழமைக்கு 3 பாகை வீதம் குறைத்துச் செல்ல வேண்டும். மின்சாரம் தடைப்படும் இரவில் அரிக்கன் இலாம்பைக் கொளுத்திக் காவலிருக்க வேண்டும். முதன்முறை வளர்ப்பவர் குஞ்சுகளை இழப்பது இக்காலத்திலேயே. மாதக் குஞ்சு அந்தக் கண்டத்தைத் தாண்டி வந்தது. தமிழ்நாட்டில் ஏழைப் பெண்களுக்கு நாட்டுக்கோழி வழங்கும் அரச திட்டத்தில் நான்கு கிழமை வயதுடைய குஞ்சுகளையே தெரிந்தெடுத்தமைக்கும் இதுவே நியாயம். மாதக் குஞ்சின் விலை கூடுதல்தான். ஒரு நாட் குஞ்சு இருபது வாங்கிப் பத்தைப் பிழைக்க வைப்பதிலும், மாதக் குஞ்சு பத்து வாங்கிப் பத்தையும் வளர்ப்பது இலாபம்.

எங்கே வாங்கினாலும் விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில. குஞ்சு எங்கே, எந்நாளில் பொரித்தது? இனம் யாது? எந்தெந்த ஊசி, எந்நாளில் இடப்பட்டது? பேடும் சேவலும் பிரிக்கப்பட்டனவா? முன்னர் வாங்கிய ஒருவரின் வீட்டைக் காட்ட முடியுமா? இவற்றுக்குத் தடுமாறாமல் விடை சொல்பவரே நம்பத்தக்கவர். அதன் பின்னரே குஞ்சைக் கையில் எடுக்க வேண்டும். கண் தெளிந்திருக்க வேண்டும். கொப்பூழ் உலர்ந்து மூடியிருக்க வேண்டும். கால் வளையாது பளபளப்பாக இருக்க வேண்டும். பின்புறத்தில் எச்சம் ஒட்டியிருத்தலாகாது. மல்லாத்தி விட்டால் கணப்பொழுதில் புரண்டு எழுவது நல்ல குஞ்சு.

காலமும் இடமும் அறிந்து வாங்குதலும் இன்றியமையாதது. கொக்கிளாயில் ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை பெய்யும். ஈரத் தரையில் இரத்தக் கழிச்சல் நோய் எளிதிற் பரவும். மழை ஓய்ந்து தரை உலர்ந்த தை, மாசியில் குஞ்சு வாங்குவதே நன்று. கொக்கிளாய்க் களப்பு 1951ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தொலைநாட்டு நீர்ப்பறவைகள் பருவந்தோறும் அங்கே வந்து தங்குகின்றன. காட்டு நீர்ப்பறவைகள் பறவைக்காய்ச்சல் கிருமியைத் தாம் நோயுறாமலே சுமந்து வரக்கூடியவை. அப்பறவைகளால் ஊருக்குப் பெருமை உண்டு. ஆனால் வளவுக் கோழி அவற்றோடு ஒரே நீரில் வாய் வைத்தலாகாது. குடிநீரைக் கிணற்றிலிருந்து எடுத்துக் கூட்டுக்குள்ளேயே வைத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. குஞ்சு வாங்குவது ஒரு வீட்டின் காரியம் போலத் தோன்றினும், அதில் ஊரின் நலமும் அடங்கியுள்ளது. 1926ஆம் ஆண்டில் சாவகத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இனங்காணப்பட்ட நோய் ஒன்று, சிறிது காலத்துக்குள் இந்தியாவின் ராணிக்கேத்தில் தோன்றி அப்பெயராலும் வழங்கலாயிற்று. அது ஒரு குஞ்சோடு ஊருக்குள் நுழைந்தால், படலை கண்டு நிற்பதில்லை. வேலி தாண்டி வீடு வீடாகச் சென்று கோழிகளை மாய்த்துவிடும். அதற்கு மருந்தில்லை, தடுப்பூசி ஒன்றே காப்பு. ஆகவே புதிய குஞ்சுகளை மூன்று கிழமைகளாவது தனியே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முறைக்கு ஓரிடத்திலிருந்தே வாங்க வேண்டும். பல இடத்துக் குஞ்சுகளைக் கலக்கலாகாது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், கொக்கிளாய் போன்ற ஊரில் முதற் கூட்டம் அமைப்பவருக்கு வழி தெளிவாகின்றது. நலமுள்ள கூட்டம் அயலில் இருந்தால் அடைகோழியும் முட்டையும் பெறுக. இல்லையேல், கால்நடை வைத்திய அலுவலகத்தின் ஆலோசனையோடு, ஊசி இடப்பட்ட மாதக் குஞ்சு பத்தை, கூடியவரை அருகிலுள்ள இடத்தில் வாங்குக. சூடு கொடுத்துக் காக்க வசதியுள்ளவர் மட்டுமே ஒரு நாட் குஞ்சைத் தேர்க. பிறந்த இடம் தெரியாத குஞ்சு எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். அந்தப் பத்தில் நான்கு ஐந்து பேடுகளும் ஒரு நல்ல சேவலும் தேறினால், அடுத்த ஆண்டு அதே வளவில் ஒரு பேடு அடைக்கு அமரும். அப்பொழுது குஞ்சு எங்கே வாங்குவதென்று அயல்வீட்டார் கேட்டால், அவர்களுக்கு முட்டை கொடுக்க அந்த வீடே இருக்கும்.